பன்றி முகமூடிக்காரனின் அக்கா

இப்போது செத்துப்போனானே, அது நான்தான் சார்.

பயப்படாதீர்கள். உங்கள் போனில்தான். பன்றி முகமூடி போட்ட ஒருத்தன் மாடியிலிருந்து விழுந்தான் இல்லையா, ஒரு சத்தம் வந்தது இல்லையா, அது என் சத்தம். மூன்று மாடிச் சத்தம். நீங்கள் அவனை விழவிட்டது ஐந்து மாடியிலிருந்து. அது என் குற்றமில்லை. ஐந்து மாடிக்கும் தனியாகத்தான் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

நம்பவில்லை. முகத்திலேயே தெரிகிறது. சரி, இந்தப் பானையைக் கொஞ்சம் பிடியுங்கள். வெண்கலம், கனக்கும். உள்ளே பச்சரிசியும் வெல்லமும். மஞ்சள் குலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. இப்போது கேளுங்கள். ஐந்து மாடி.

ஆ…ஹ்…ஹ்ஹ்…

பார்த்தீர்களா, முன் சீட்டு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். ஒன்றுமில்லம்மா, உட்காருங்க. ஒன்றுமில்லை. கண்டக்டர் வேறு வருகிறான்.

"யோவ் பெரிசு! என்னய்யா செய்யுது? வண்டிய ஓரங்கட்டவா?"

"ஒண்ணுமில்ல ராசா. தொழிலு."

"என்ன தொழிலுய்யா இது? ஏறும்போது கரும்புக்கு லக்கேஜ் கேட்டா அஞ்சு அக்கா இருக்காங்கன்னு அழுதீரு. இப்ப சாவுறீரு. திருநெல்வேலி போறதுக்குள்ள என்னைய என்னதான் பண்ணப் போறீரு?"

"திருநெல்வேலி வரைக்கும் நான் வரல ராசா. கோவில்பட்டி."

"பைபாஸ்லதான் நிக்கும். ஊருக்குள்ள போகாது. சொல்லிட்டேன்."

நல்ல பையன். கோபக்காரன், ஆனால் நல்ல பையன். ஐந்து அக்கா என்றதும் கரும்பைத் தானே தூக்கிப் பின்னால் சாய்த்து வைத்தான். மூன்று கரும்புக்கு ஐந்து அக்காவா என்று கணக்குப் பார்க்கவில்லை. பொய் சொல்லும்போது எண்ணிக்கை பெரியதாக இருக்க வேண்டும் சார். ஓர் அக்கா என்றால் சந்தேகப்படுவான். ஐந்து என்றால் பரிதாபப்படுவான்.

இல்லை, ஐந்து அக்காவெல்லாம் கிடையாது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், என் சாவையே பார்த்துவிட்டீர்கள். ஓர் அக்காதான். அவளையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் போனில் பூனை முகமூடி போட்டுக்கொண்டு, சைக்கிள் செயினைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறாளே, அவளைத்தான் பார்க்கப் போகிறேன். பொங்கல்படி கொண்டு போகிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். விருதுநகர் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிடும்.

என் பேர் பலவேசம். சாலிகிராமத்தில் நாற்பத்திரண்டு வருஷம். சினிமாவில் கூட்டச் சத்தம் கொடுப்பவன். திரையில் தீப்பிடித்தால் "ஐயோ ஓடுங்க" என்று கத்துகிறானே ஒருத்தன், முகம் தெரியாமல், அது நான். "தலைவர் வாழ்க" நான். கல்யாண வீட்டில் "சாம்பார் இந்தப் பக்கம்" நான். அப்புறம் சாவு. அடியாள் சாவு, பட்டாளத்துக்காரன் சாவு, பேர் இல்லாதவன் சாவு எல்லாம் எனக்குத்தான். நாலாயிரம் தடவை செத்திருப்பேன், குறைத்துத்தான் சொல்கிறேன். ஒரு தடவை உசிலம்பட்டித் தியேட்டரில் நான் செத்த சத்தத்தைக் கேட்டு எதிர்த்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசியோடு ஓடிவந்து திரையில் ஏறிவிட்டார். ஊசி போடாமல் இறங்கமாட்டேன் என்கிறார். திரை இரண்டாகக் கிழிந்தது. அடுத்த வாரம் முழுக்க அந்த ஊரில் கதாநாயகிக்கு இரண்டு மூக்கு.

அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது சார். எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு சாவார்கள். தப்பு. இழுத்தால் அது பயம். விட வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே போக வேண்டும், திரும்ப வாங்குவதாக உத்தேசமே இல்லாத மாதிரி. அதுதான் சாவு.

போன வருஷம் ஆடி மாதம் டெரன்ஸ் கூப்பிட்டான். டெரன்ஸ் என்றால் சவுண்டு இன்ஜினியர். ஒல்லிப் பையன், முப்பது வயது இருக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தான்களைத் தள்ளுவான். "அண்ணே, சினிமா இல்ல. வீடியோ கேம். வெளிநாட்டுக்காரன் பண்ணது, தமிழ்ல பேச வைக்கணும். ஆறு நாள் வேலை"ன்னான். எனக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது. என் போன் பொத்தான் போன். இதோ பாருங்கள், இதில் டார்ச் மட்டும் நன்றாக எரியும்.

"என்ன வேஷம்டா?" என்றேன்.

"தம்பி வேஷம்ணே. அக்காவும் தம்பியும். ரெண்டு பேரும் முகமூடி போட்டுக்கிட்டு ராத்திரி ராத்திரி ரவுடிங்கள அடிப்பாங்க. போலீஸ் பிடிக்காத ஆளையெல்லாம் இவங்க பிடிப்பாங்க."

"அக்காவுக்கு என்ன முகமூடி?"

"பூனை."

"எனக்கு?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். பன்றி.

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகக் கதாநாயகன், அதுவும் பன்றி. இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். அந்த ஊரில் நல்லவன் ஒருத்தன் கிடையாது. இவர்கள் அப்பா அம்மாவை யாரோ ஒருத்தன் கொன்றுவிட்டான். யார் என்று தெரியாது. அதனால் கண்ணில் படுகிற அயோக்கியன் எல்லோரையும் அடிக்கிறார்கள். என்ன நியாயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் பிடித்தது வேறு. அந்த இரண்டு பேருக்கும் உலகத்தில் வேறு ஆளில்லை. ஒருத்தரை ஒருத்தர் முகமூடி இல்லாமல் பார்த்ததும் இல்லை. தெரியுமா உங்களுக்கு? அதில் ஓர் இடம் வரும். தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் கேட்பேன்: "அக்கா, இன்னைக்காவது அதக் கழற்றேன்." அந்த ஒரு வரியைப் பதினோரு விதமாகச் சொல்ல வைத்தான் டெரன்ஸ். கெஞ்சி, சிரித்து, தூக்கக் கலக்கத்தில், அடிபட்ட வாயோடு.

இந்த வேலையில் படம் கிடையாது சார். சினிமா என்றால் திரையைப் பார்த்து வாயசைவுக்குப் பேசலாம். இங்கே ஒரு பட்டியல் கொடுப்பான். லேசான அடி, நடுத்தர அடி, பலத்த அடி. தீப்பிடித்தால், தண்ணீரில் மூழ்கினால். ஒரு மாடி, மூன்று மாடி, ஐந்து, ஏழு. இருட்டு அறையில் நின்றுகொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாட்டுக்கு விழுந்துகொண்டே இருப்பேன்.

அக்காவோடு பேசுகிற இடம்தான் விசேஷம். அவள் பதில் எனக்குக் கேட்காது. அவளை வேறு நாளில் வைத்து எடுப்பார்கள். ஆனால் அவள் பேசி முடிக்கிற நேரத்துக்கு நான் சும்மா நிற்க வேண்டும். டெரன்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலை மடக்கிக் காட்டுவான். நாலு விநாடி. ஆறு விநாடி. அவள் இப்போது திட்டுகிறாள், அவள் இப்போது சிரிக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு நிற்பேன். ஆறு நாள், வெறும் விநாடியாகவே அவளோடு பழகினேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஆறு விநாடி நிறுத்துவேன். பழக்கதோஷம்.

ஆறாம் நாள் டெரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான். "அண்ணே, அக்காவுக்குப் பேச வேண்டிய மேடத்துக்குத் தேதி ஒத்து வரல. நாளன்னைக்குக் கம்பெனிக்கு அனுப்பியாகணும். ஒரு நேர அளவுக்கு, சும்மா அளவுக்குத்தான், அவங்க வசனத்தையும் நீங்களே படிச்சிருங்களேன். அப்புறம் அவங்க வந்து மாத்திப் பேசிருவாங்க."

அளவுக்குத்தானே, படித்தேன். எனக்குப் பெண் குரல் வரும். வீட்டுக்காரர் வாடகை ஏற்ற வந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்டாட்டி மாதிரிப் பேசி இரண்டு வருஷம் தள்ளியிருக்கிறேன். கல்யாணமா? அது இரண்டு தடவை நிச்சயமாயிற்று. ஒன்றில் மாப்பிள்ளை நான் இல்லை என்று மேடையில்தான் தெரிந்தது. அதை விடுங்கள்.

அந்தத் தாளில் தமிழ் எப்படியிருந்தது தெரியுமா? தம்பி செத்து விழுகிறான். அக்கா சொல்ல வேண்டியது: "எழுந்திரு, சகோதரா." இதை எவள் சார் சொல்வாள்? தம்பி செத்துக் கிடக்கும்போது எவளாவது சகோதரா என்பாளா? நான் டெரன்ஸிடம் சொன்னேன், "இதப் பாரு, எங்கம்மா கூப்பிடுற மாதிரி சொல்றேன், அந்த மேடத்துக்குப் போட்டுக் காட்டு, கத்துக்கட்டும்." எங்கம்மா கடையநல்லூர்ப் பக்கம். நான் காய்ச்சலில் கிடந்தால் திட்டித்தான் எழுப்புவாள். அந்தக் குரலை எடுத்துச் சொன்னேன். "எந்திரில மூதி. வீட்டுக்குப் போவம்."

டெரன்ஸ் அதைத் திரும்ப ஓடவிட்டு ஒரு தடவை கேட்டான். அப்புறம், "இதே மாதிரி எல்லாத்தையும் சொல்லிருங்கண்ணே"ன்னான். இருநூற்றுச் சொச்சம் வரி. ஒவ்வொன்றையும் மூன்று தடவை வாங்கினான். அளவுக்கே அவ்வளவு சுத்தம் பார்க்கிற பையன்! இந்தக் காலத்தில் எவன் இருக்கிறான்? கடைசியில் கையெழுத்துப் போடும்போதுகூட ஒரு காகிதத்துக்கு இரண்டு காகிதமாக வாங்கிக்கொண்டான்.

என்ன சார், போனை மடியில் கவிழ்த்துவிட்டீர்கள்? விளையாடுங்கள், நான் பேசினால் உங்களுக்கு என்ன.

கார்த்திகை மாதம் கூப்பிட்டான். "வந்து கேளுங்கண்ணே, முடிஞ்சிருச்சு." போனேன். முதல் தடவையாகப் படத்தோடு பார்க்கிறேன். பன்றி ஓடுகிறான். தண்ணீர்த் தொட்டி ஏணி உச்சியிலிருந்து வழுக்கி விழுகிறான். என் சத்தம் வருகிறது. அப்புறம் திரை கறுப்பாகிறது. அந்தக் கறுப்பில் ஒரு குரல்.

"தம்பீ…"

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பீ… எந்திரில மூதி. வீட்டுக்குப் போவம்."

சார், எழுபத்தொரு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் கிடையாது. பெரிசு என்பான், பெரியவரே என்பான், தாத்தா என்பான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பான். தம்பி என்று எவன் சொல்வான்? சொல்லக்கூடிய வயதுள்ளவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டெரன்ஸிடம் கேட்டேன், "யாருடா இவ?" அவன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே, "ஆர்ட்டிஸ்ட்டுண்ணே"ன்னான்.

"நம்ம பக்கத்துக்காரிடா! நான் அளவுக்குச் சொன்ன 'மூதி'யை அப்படியே பிடிச்சிக்கிட்டா பாரு. மெட்ராஸ்காரிக்கு அது நாக்குல நிக்காது. எந்த ஊரு?"

"அதெல்லாம் அக்ரிமெண்ட்டுண்ணே. பேர் ஊர் சொல்லக் கூடாது."

நான் அதோடு விடவில்லை. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். அவள் குரலின் அடியில் ஒரு கனம் இருக்கிறது சார், சாதாரணமாகப் பெண் குரலில் அது கிடையாது. பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டையில் சின்னதாக ஒரு 'க்கும்'. எனக்கும் உண்டு அந்தப் பழக்கம், கவனித்திருப்பீர்கள். எங்கம்மாவுக்கும் உண்டு. ரத்தத்தில் இருந்தால்தான் அப்படி வரும். தூரத்துச் சொந்தமாகக்கூட இருக்கலாம், யார் கண்டது? கடையநல்லூரிலிருந்து கோவில்பட்டிக்குப் பெண் கொடுக்காமலா இருந்திருப்பார்கள்?

ஆமாம், கோவில்பட்டி என்று கடைசியில் வாயைத் திறந்தான். மார்கழி பிறந்ததும் ஸ்டுடியோ வாசலில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "டேய், பேர் வேண்டாம். ஊரை மட்டும் சொல்லு. பொங்கலுக்கு அவளுக்குப் படி கொண்டு போகணும்."

"படின்னா என்னண்ணே?"

அவன் வடக்கே எங்கோ, ராயபுரம் பையன். சொன்னேன். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணன் தம்பி படி கொண்டு போக வேண்டும். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு. கிழவி ஆனாலும் கொண்டு போக வேண்டும். அண்ணன் தம்பி தலை தெருமுனையில் தெரிகிற வரைக்கும் அவள் அடுப்பு மூட்டாமல் நிற்பாள். படி வராத பெண் மறுநாள் தண்ணீர்க் குழாய்க்குப் போகமாட்டாள். போனால் கேட்பார்களே, "ஒனக்கு யாரு வந்தா?" என்று. "எனக்குக் கொண்டுபோக அக்கா தங்கச்சி கிடையாதுடா. அவளுக்கு அண்ணன் தம்பி இருக்கோ இல்லையோ. இருந்தா பானையை வச்சிட்டு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்திர்றேன்"னேன்.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது சார். மிளகாய் பஜ்ஜிக்கு அவ்வளவு காரம். நான்தான் பழகிப்போனேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கோவில்பட்டிப் பக்கம்ணே"ன்னான். அப்புறம், "போகாதீங்கண்ணே, அவங்க ஊர்ல இருக்காங்களோ என்னவோ"ன்னான். பொங்கலுக்கு ஊரில் இல்லாமல் எங்கே போவாள்?

விருதுநகர் வந்துவிட்டது. சொன்னேன் இல்லையா, சிரிப்பு நின்றுவிட்டது பாருங்கள்.

இதற்கு நடுவில் நான் அவளோடு பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஜாகிர் என்று ஒருத்தர், ரீசார்ஜ் கடை. அவர் போனில் இந்த விளையாட்டு இருந்தது. தினம் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நிற்பேன். "ஜாகிர் பாய், ஒரு தடவை என்னைக் கொல்லுங்களேன்." முதலில் சிரித்துக்கொண்டே கொன்றார். ஒரு மாடியிலிருந்து விழுந்தால் அவள் "தம்பி" என்பாள், அவ்வளவுதான். மூன்று மாடி என்றால் "தம்பி, எந்திரி." உயரம் கூடக் கூடத்தான் அவள் நிறையப் பேசுவாள். முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழ வேண்டும். ஏழு மாடி. ஜாகிர் பாய்க்கு அங்கே ஏறுகிற பாதை பிடிபடவே இல்லை. வழியிலேயே ரவுடிகள் அடித்துப் போடுவார்கள். ஒரு நாள் கஸ்டமர் ஐந்து பேர் நிற்கிறார்கள், நான் "இன்னும் கொஞ்சம் மேல ஏறுங்க பாய்" என்கிறேன். போனைக் கீழே வைத்தார். "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. தினம் உங்கள நான் கொல்றது நல்லா இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது"ன்னார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். அப்புறம் நான் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை.

அக்கா என்றா கேட்டீர்கள், கூடப்பிறந்த அக்காவா? இல்லை என்றேனே. ஒன்று இருந்தது. இருந்தது என்று சொல்வதா வேண்டாமா தெரியவில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. எங்கள் பக்கம் பதினாறாம் நாள்தான் பேர் வைப்பார்கள். அதனால் அதற்குப் பேர் கிடையாது. அம்மா அதைப் பற்றிப் பேசினால் 'அவ' என்பாள். "அவ இருந்திருந்தா ஒன்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பா. அவ இருந்திருந்தா நீ படி சுமந்துட்டுப் போயிருப்ப, மூதி." பேர் இல்லாத ஆளுக்கு எப்படி சார் அழுவது? நாலாயிரம் சாவு செத்த எனக்கே அது வரவில்லை.

சரி, அதை விடுங்கள். சாத்தூர் வந்துவிட்டது. காராச்சேவு வாங்கட்டுமா? நீங்கள் ஒன்றுமே சாப்பிடவில்லை. ஏங்க, காராச்சேவு! இந்த ஜன்னலுக்கு! சாப்பிடுங்கள் சார். டெரன்ஸ் மாதிரி நீங்களும் காரத்துக்குக் கண் கலங்காதீர்கள். இன்னும் வாயிலேயே போடவில்லையே.

என்ன சொன்னீர்கள்? பேர் போடுவார்களா? விளையாட்டுக்குள்ளேயா? சினிமா மாதிரி கடைசியில் பட்டியலாகவா? ஜாகிர் பாய் காட்டவே இல்லையே! அக்ரிமெண்ட் என்றானே டெரன்ஸ். காட்டுங்கள், காட்டுங்கள். நாற்பத்திரண்டு வருஷத்தில் என் பேரை எங்கேயும் போட்டதில்லை. இருக்கிறதா? எங்கே?

கண்ணாடி இருக்கிறது, இதோ சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குலுக்கலில் வேண்டாம். நீங்களே படியுங்கள்.

பன்றி முகமூடி, பலவேசம். ஆகா! இன்னொரு தடவை படியுங்கள். 'குரல்: பலவேசம்.' சரி. இருக்கட்டும். அடுத்தது?

பூனை முகமூடி…

என்ன சார், எழுத்து சின்னதாக இருக்கிறதா? படியுங்கள். கோவில்பட்டி இன்னும் கால் மணி நேரம்தான். பேர் தெரிந்தால் பைபாஸில் இறங்கி ஆட்டோக்காரனிடம் கேட்கச் சுலபம். இல்லாவிட்டால் 'பூனை முகமூடி போட்ட அம்மா வீடு எது' என்று கேட்கவேண்டி வரும். அடிப்பான்.

ஆவுடையம்மாளா?

ஆவுடையம்மாள்.

யார் பேர் சார் அது? உங்கள் அம்மாவா? பெரியம்மாவா? … அக்காவா. இருக்கிறார்களா? … இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் இல்லை. தொழில்காரன் என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பேரைச் சொல்லும் முன்னால் மூச்சை இழுத்தீர்கள். இழுக்கக் கூடாது. சாவுக்குச் சொன்னேன் இல்லையா, பொய்க்கும் அதேதான். விட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். அப்புறம், எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, வரியின் நீளம் தெரியும். என் வரியும் அவள் வரியும் ஒரே நீளமாக இருக்கிறது. ஆவுடையம்மாள் கொஞ்சம் நீளமான பேர் இல்லையா சார்?

வேண்டாம், வேண்டாம். திரும்பப் படிக்காதீர்கள். மாற்றாதீர்கள். சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். போனை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

நல்ல பேர். எங்கள் ஊர்ப் பேர். டப்பிங் பேசுகிறவளுக்கு வைக்கிற பேரா அது! பதினாறாம் நாள் வைத்திருக்க வேண்டிய பேர். கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"கோவில்பட்டி பைபாஸ் எறங்குறவங்க எல்லாம் முன்னால வாங்க! ஏ பெரிசு, அஞ்சு அக்காவும் வந்து நிக்காங்களா?"

"ஒருத்திதான் ராசா. மத்த நாலு பேரும் ஒன்னைய நம்ப வைக்க."

"அது எனக்கு மாட்டுத்தாவணியில ஏறும்போதே தெரியும்யா. கரும்ப நான் எறக்கித் தாரேன். நீரு பானையப் பார்த்து எறங்கும்."

பார்த்தீர்களா, தெரிந்துகொண்டேதான் ஏற்றியிருக்கிறான். ஊரெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, நான்தான் பெரிய பொய்க்காரன் என்று நினைத்துக்கொண்டு திரிகிறேன்.

திரும்பிப் போவதா? எதற்கு சார்? பானை வாங்கியாயிற்று. கோவில்பட்டியில் ஆவுடையம்மாள் என்று விசாரித்தால் பத்துப் பேராவது இருப்பார்கள். பத்துப் பேரில் ஒருத்திக்காவது இந்த வருஷம் யாரும் வராமல் இருக்கும். இரண்டு மூன்று பேருக்கு வராமல் இருக்கும், நான் ஊரை அறிந்தவன். யாரப்பா நீ என்று கேட்டால் சொல்லிக்கொள்வேன், வாய் எதற்கு இருக்கிறது? நாளைக் காலையில் அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போகட்டும். "எனக்குத் தம்பி வந்தான். கிழட்டுப் பயல், தொண்டையை வேறு கனைத்துக்கொண்டே இருந்தான்" என்று சொல்லட்டும். காப்பி கொடுத்தாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி.

பானையைக் கொடுங்கள். மஞ்சள் குலை. அந்த இலை உங்கள் சட்டையில் ஒட்டியிருக்கிறது, தட்டிவிடுங்கள்.

சார், ஒரே ஒரு உபகாரம். வண்டி இன்னும் நிற்கவில்லை, பாலம் தாண்டித்தான் நிற்கும். நீங்கள் நன்றாக விளையாடுகிறீர்கள், பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி பின்பக்கம் இருக்கிறது. ஏறிவிட்டீர்களா? ரவுடியைப் பார்க்காதீர்கள், அவன் கிடக்கிறான். மேலே போங்கள். இன்னும் மேலே. ஓரத்துக்கு வாருங்கள்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இப்போது என்னைத் தள்ளிவிடுங்கள் சார். அவள் கூப்பிடுவாள்.